கேத் லேபுக்குள் இன்னொரு கண்

1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாகப் பலூனால் திறந்தார். மறு ஆண்டே, தான் செய்வதை டிவியில் நேரலையாகக் காட்டி மற்ற டாக்டர்களுக்கு வகுப்பெடுத்தார். சிகிச்சைக்கும் நேரலைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனால் அன்று படம் வெகுதூரம் போகவில்லை. கற்க நினைத்தவர் விமானம் ஏறியாக வேண்டும். அப்படி அவரிடமே கற்றுவந்த மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் சென்னையில் செய்தார்.

பின்னாளில் குரு தேடி வரத் தொடங்கினார். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியே பெருநாடி வால்வைப் பொருத்தும் 'டாவி' வந்தபோது, புதிய குழுவின் அருகே அனுபவசாலி ஒருவர் நிற்பது வழக்கமானது. அவருக்கு 'பிராக்டர்' என்று பெயர். அவர் வெளிநாட்டுக்காரர் என்றால், அவருடைய டிக்கெட்டைப் பார்த்துத்தான் நோயாளிக்குத் தேதி. 2020-ல் விமானங்கள் நின்றன. பிராக்டர் திரைக்கு மாறினார்.

இப்போது எக்ஸ்ரே படம், ரத்த அழுத்தக் கோடுகள், டாக்டரின் கைகள் எல்லாமே அவருக்கு உடனுக்குடன் தெரிகின்றன. வால்வு எந்த இடத்தில் விரிய வேண்டும் என்று படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்.

திரையில் போகாத ஒன்று உண்டு: வயர் நுனி கால்சியத்தில் முட்டும்போது விரலுக்குத் தெரிகிற தடை. ரத்தக்குழாய் கிழிந்தாலும் நெட் அறுந்தாலும் சமாளிக்க வேண்டியவர் நோயாளி பக்கத்தில் நிற்பவர்தான். 2018 டிசம்பரில் இதய டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்‌ஷர்தாம் கோயிலில் உட்கார்ந்து, சுமார் 32 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் இருந்த நோயாளிகளுக்கு ரோபோ மூலம் ஸ்டென்ட் வைத்தார். அங்கும் கேத் லேபில், அதாவது இந்தச் சிகிச்சை நடக்கும் அறையில், ஒரு குழு நின்றது.

உண்மையைச் சொன்னால், சென்னையின் மயிலாப்பூர், தி.நகர்க்காரர்களுக்குத் திரைவழி பிராக்டரால் பெரிய லாபமில்லை. ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் கிரீம்ஸ் சாலையிலும் கைதேர்ந்த டாக்டர்கள் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார்கள் (மாலை நெரிசலைக் கணக்கில் சேர்க்காவிட்டால்). ராத்திரி பஸ்ஸில் வந்து கிரீம்ஸ் சாலைப் பக்கம் லாட்ஜில் தங்கும் வெளியூர்க் குடும்பத்துக்குத்தான் இது தேவை. மதுரை, நெல்லை அரசு மருத்துவமனைகளின் கேத் லேபுகளோடு சென்னையின் மூத்த டாக்டர்களை இணைக்கும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை நிரந்தரமாக உருவாக்க வேண்டும். படம் வெளியே போகிறது என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யட்டும்.