மீனுக்கு வெட்டிய வாய்க்கால், மாட்டுக்குப் பொறி

2021 டிசம்பரில் கேமரூன் நாட்டின் வடகோடியில், லோகோன் ஆற்றுச் சமவெளியில், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் தீக்கிரையாயின. நாற்பது பேருக்கு மேல் பலி. பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து சாட் நாட்டுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். மோதிக்கொண்டவர்கள் மஸ்கும் மீனவர்களும் ஷுவா அரபு மேய்ப்பர்களும். சண்டை தண்ணீருக்காக.

இனப்பகை என்கிறார்கள் சிலர். பழைய கசப்பு இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தை முறைவைத்து ஆண்டவர்கள் இவர்கள். மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு சமவெளி மூழ்கும். அது மீனவர் காலம். வெள்ளம் வடிந்ததும் புல் தழைக்கும். அது மாடுகளின் காலம்.

1970, 80களின் கொடும் வறட்சி இந்த முறையைக் குலைத்தது. 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சாட் ஏரியே அப்போது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மழையை நம்ப முடியாத மீனவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். வடியும் நீரோடு வரும் மீன், வாய்க்கால் வாயில் கட்டிய வலையில் விழும். ஒருவர் வெட்டினால் அடுத்தவர் இன்னும் நீளமாக வெட்டுகிறார். நீர் சீக்கிரமே வடிந்துவிடுகிறது, புல் காய்கிறது. குடிக்க வரும் மாடு வாய்க்கால் சேற்றில் சிக்கிச் சாகிறது. மாட்டைத் தவிர வேறு சொத்தில்லாதவனுக்கு அது குடும்பமே சாய்வதற்குச் சமம்.

பழியை வானத்தின் மீது மட்டும் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. 1979இல் நெல் சாகுபடிக்காக மாகா அணை கட்டினார்கள், ஆற்றங்கரையையும் உயர்த்தினார்கள். கீழ்ச் சமவெளிக்கு வந்துகொண்டிருந்த வெள்ளம் சுருங்கியது. வறட்சி பாதி, அணை பாதி. மழை திரும்பிய ஆண்டுகளிலும் வெள்ளம் பழையபடி திரும்பவில்லை.

இதை மாற்ற முடியும் என்பதற்கு அங்கேயே சான்று உண்டு. 1994இலும் 1997இலும் அடைபட்ட ஓடைகளைச் சோதனையாகத் திறந்துவிட்டார்கள். வெள்ளம் பரவியது. மேய்ச்சல் புல் மீண்டது, மீன்பாடும் கூடியது. அந்த வேலை அத்தோடு நின்றிருக்கக் கூடாது.

ராணுவத்தை அனுப்பினால் சில வாரம் அமைதி இருக்கும். அடுத்த கோடையில் மாடு மறுபடியும் அதே வாய்க்காலுக்குத்தான் வரும். பருவநிலைக்கென்று உலக நாடுகள் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, லோகோன் வெள்ளத்தைச் சமவெளிக்குத் திருப்பிவிடவும், எந்த வாய்க்கால் இருக்கலாம், எதைத் தூர்க்கலாம் என்று மீனவரும் மேய்ப்பரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் போக வேண்டும்.