பழைய புல்லட் வாங்கியாச்சு... முதலில் எதை மாத்தலாம்?

செங்கல்பட்டில் பழைய புல்லட் வாங்கியதும் பலருக்கு முதல் ஆசை, மாமல்லபுரம் வரை ஈசிஆரே அதிரும்படி ஒரு சைலன்சர். சிக்கலும் அதில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி அதிக சத்தத்துக்கு ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸும் போகும். டேங்க் நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்.சி.யில் பதியணும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000.

காசை முதலில் பிரேக்கில் போடுங்க. தேய்ந்த டிரம் பிரேக்கை நம்பி ஈசிஆரில் 80-ல் பறப்பது கெத்து இல்லை. லைனர், கேபிள், அதே அளவு டயர் மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடுத்தது துரு. உப்புக்காற்று ஸ்போக்ஸையும் செயினையும் அரித்துவிடும். கடற்கரை போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு ஆயில் விடுங்க.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடையில் போட்டுடாதீங்க. வண்டியை விற்கும்போது அதையும் கேட்டு வருவாங்க.