கதவு எண் 80-ல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்!

செஞ்சியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரிக் கோட்டை தெரியும். கீழே இறங்கினால் அக்கா மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பது தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் பார்த்தது இரண்டாவது காட்சி.

"மாமா, காலைல எட்டு மணிக்கு நெல் மண்டில பில் போட்டாகணும். வெப் சர்வர் கிளம்பவே மாட்டேங்குது!"

பையன் எழுதிய பில்லிங் புரோகிராம். முதல் கஸ்டமர். லீவு நாளில் சரி பார்க்கலாமென்று மண்டி கம்ப்யூட்டரையே வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறான். மூன்று மாதக் கணக்கு அதற்குள்.

"காப்பி எடுத்து வெச்சிருக்கியா?"

கூரையைப் பார்த்தான். "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடறேன் மாமா..."

"கையை எடுடா!" என்றேன்.

நான் பி.காம். போர்ட் என்றால் எனக்குத் தெரிந்தது சென்னைத் துறைமுகம்தான். ஆனால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்று யாரும் லெட்ஜரைக் கொளுத்துவதில்லை. தப்பான என்ட்ரியைத்தான் தேடுவார்கள்.

"திரையில என்ன போட்டிருக்கு? நிதானமா படி."

படித்தான். '80-ம் போர்ட்டில் பைண்ட் ஆக முடியவில்லை. அந்த இடம் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது.'

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் 0 முதல் 65,535 வரை போர்ட் எண்கள். கதவு எண் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாதாரண வெப் பக்கத்துக்கு 80, பூட்டு போட்ட பக்கத்துக்கு 443. வெப் சர்வர் எழுந்ததும் முதல் வேலை, தன் கதவில் போய் உட்காருவது. அதுதான் பைண்ட். ஒரு கதவுக்குப் பொதுவாக ஒரு காவல்காரர்தான். ராஜகிரி உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டே, அது மாதிரி. பிடித்தவருக்குத்தான் வழி. 1690-ல் செஞ்சியை முற்றுகையிட்ட மொகலாயர்கள் உள்ளே நுழைய 1698 ஆயிற்று. எங்களுக்கு இருந்ததோ ஒரே ராத்திரி!

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தோம். 'நெட்ஸ்டாட்' என்று அடித்து, இடம் விட்டு, மைனஸ் போட்டு, ஏ, என், ஓ. (லினக்ஸ் என்றால் 'எஸ்எஸ்' அடித்து, மைனஸ் போட்டு, எல், டி, என், பி.) பட்டியலில் 80 இருந்த வரியின் கடைசியில் ஒரு நம்பர். உட்கார்ந்திருப்பவரின் டோக்கன் அது. டாஸ்க் மேனேஜரில் அதே நம்பரைத் தேடினால் ஆசாமியின் பெயர் வந்துவிடும்.

வழக்கமான சந்தேக ஆசாமி, விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐ.ஐ.எஸ். ஒரு காலத்தில் ஸ்கைப்பும் இப்படி வந்து உட்காரும். 2025 மே மாதம் அதன் கடையே மூடியாயிற்று.

எங்கள் ஆசாமி யார் தெரியுமா? அதே வெப் சர்வரின் இன்னொரு காப்பி! மத்தியானம் புது வெர்ஷனைச் சோதிக்கப் பையனே போட்டு, கம்ப்யூட்டர் கிளம்பும்போதே கிளம்பச் சொல்லி டிக்கும் அடித்துவிட்டு மறந்திருக்கிறான்.

சர்வீஸ் லிஸ்ட்டில் போய் அதை நிறுத்தி, டிக்கை எடுத்தான். முகம் தெரியாத புரோகிராம் என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். வேறு முக்கியமான வேலைக்கு அது தேவைப்படலாம். உங்கள் சர்வரை 8080-க்கு மாற்றிக் கொள்வது உத்தமம். பிரவுசரிலும் அந்த எண்ணைச் சேர்த்து அடிக்க வேண்டும், அவ்வளவே.

'அனுமதி இல்லை' என்று வந்தால் கதை வேறு. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள கதவுகளுக்கு சாதாரணமாக ரூட் அதிகாரம் வேண்டும். சர்வரை நிறுத்திய கையோடு கிளப்பினாலும் சில சமயம் முரண்டு பிடிக்கும். ஓரிரு நிமிஷம் பொறுத்தால் சரியாகிவிடும்.

பதினொன்றரைக்கு பில் பக்கம் திறந்தது. முதல் வேலையாக மூன்று மாதக் கணக்கையும் பென் டிரைவில் காப்பி எடுக்க வைத்தேன்.

"சாப்பிட வாங்கடா" என்றாள் அக்கா. போனால், எனக்குப் போட்டிருந்த தட்டில் அத்தான் உட்கார்ந்து இரண்டாவது தோசையில் இருந்தார். நான் முரண்டு பிடிக்கவில்லை. பக்கத்து 8080-ல் பைண்ட் ஆகிவிட்டேன்.