துருவத்தில் ரேடார்... தம்மம்பட்டி செல்போனுக்கு என்ன சம்பந்தம்?

தம்மம்பட்டியில் இருந்து சேலம் கிளம்பும்போது போனில் மேப் போடுறீங்களா? அந்த ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருந்து வருகிறது. வழியில், மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தைக் கடக்க வேண்டும். சூரியப் புயல் அதைக் கலக்கினால், மேப் உங்களைப் பல மீட்டர் தள்ளிக் காட்டலாம்.

துருவத்தில் ஏன் ரேடார்?

பூமியின் காந்தப்புலக் கோடுகள் துருவப் பகுதிகளில்தான் தரையை நோக்கி இறங்குகின்றன. அந்த வழியாகவே துகள்கள் உள்ளே பாய்கின்றன. அதனால்தான் நார்வேயின் டிராம்சோவில் 1981 முதல் 'ஐஸ்காட்' ரேடார் மேல்வானத்தைக் கவனிக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

ரேடார் சக்திவாய்ந்த ரேடியோ அலையை மேலே அனுப்பும். எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறி, மிகச் சிறு பங்கு மட்டும் திரும்பி வரும். அதை வைத்தே எலக்ட்ரான் அடர்த்தி, வெப்பநிலை, வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

நம்ம பக்கம் இருக்கா?

இருக்கு. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே உள்ள திருநெல்வேலியில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் 1992-ல் ஒரு ரேடாரைத் தொடங்கியது. அது 100 கி.மீ.க்குச் சற்றுக் கீழே வீசும் காற்றை அளக்கிறது.

அலட்சியம் கூடாது, ஏன்?

2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹன்லே வானமே சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ்-ஐ நம்பி ஓடும் டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறின. துருவத்தில் தொடங்கும் கலக்கம் அங்கேயே நின்றுவிடாது!