வசதியான வீட்டுப் பிள்ளையின் பாரம்



கோவில்பட்டியில் தீப்பெட்டி, கடலைமிட்டாய்த் தொழில்களால் முன்னேறிய பெற்றோர், "நாங்கள் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது" என்று தனியார் பள்ளி, டியூஷன், நீட் பயிற்சி எல்லாம் தருகிறார்கள். அப்பிள்ளைகளில் சிலர் தீராத தலைவலியோடு எங்களிடம் வருகிறார்கள். பரிசோதனையில் நோய் தெரிவதில்லை. தனியே பேசினால் கண்ணீர் வருகிறது. "இவ்வளவு செலவழித்தார்களே, தோற்றால் எப்படி முகத்தில் விழிப்பேன்?" என்பதே பயம்.

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை. மதிப்பெண்ணைக் கேட்குமுன் "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள், இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ளாமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இப்பிள்ளைகளையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.