மகளிர் சமத்துவம்: எந்த நாடு எந்தப் படியில்?

ஆண்டுதோறும் நமக்குத் தேர்வு முடிவுகள் வருவது போல உலக நாடுகளுக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் வெளியாகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உலகப் பொருளாதார மன்றம் என்னும் அமைப்பு 2006-ஆம் ஆண்டு முதல், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து நாடுகளை வரிசைப்படுத்தி வருகிறது. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் 148 நாடுகள் இடம்பெற்றன. ஐஸ்லாந்து முதலிடம் பெற்றது. நம் பாரதத்திற்குக் கிடைத்ததோ 131-ஆம் இடம். 148 பேர் உள்ள வகுப்பில் நாம் 131-ஆவதாக வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

ஆயினும் மதிப்பெண்ணைக் கண்டவுடன் கலங்குவதும் முறையன்று, கோபிப்பதும் முறையன்று. வினாத்தாளையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியல் செல்வத்தை அளப்பதில்லை. ஒரு வீட்டில் மகன் பட்டப் படிப்பு வரையிலும் மகள் எட்டாம் வகுப்பு வரையிலும் படித்திருக்கிறார்கள். மற்றொரு வீட்டில் இருவருமே எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். பட்டியலின் கணக்கில் இரண்டாவது வீடே மேல். ஏனெனில் அங்கே இடைவெளி இல்லை. ஏழை நாடுகள் சில செல்வ நாடுகளை முந்திச் செல்லும் விந்தை இதனால்தான் நேர்கிறது. கல்வி, உடல்நலம், பொருளாதாரம், அரசியல் என நான்கு பாடங்கள். 2025-இல் பாரதம் கல்வியில் நூற்றுக்கு 97-ம், உடல்நலத்தில் 95-ம் பெற்றது. பொருளாதாரத்தில் 41-ஐ ஒட்டியும், அரசியலில் 25-ஐ ஒட்டியும் பெற்றது. படிப்பில் தேறிய பெண், வேலையிலும் ஆட்சியிலும் தோற்றுப் போகிறாள்!

உடல்நலத்தில் 95 என்றவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அந்தப் பாடத்தில் ஏறத்தாழ எல்லா நாடுகளுமே 95-க்கு மேல் வாங்கிவிடுகின்றன. அதில் முக்கியக் கேள்வி, பிறக்கும் குழந்தைகளில் 1000 ஆணுக்கு எத்தனை பெண் என்பதாகும். இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதால் 944 பெண் குழந்தைகள் இருந்தாலே முழு மதிப்பெண் தந்துவிடுவார்கள். அதற்கும் குறைகிறது என்றால் அங்கே மனிதக் கை நுழைந்திருக்கிறது என்றே பொருள்.

இதைச் சொல்லும்போது நமக்கு மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள உசிலம்பட்டியை நினையாமல் இருக்க இயலாது. 1986-ஆம் ஆண்டு ஓர் ஆங்கில இதழ் அவ்வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியது. கள்ளிப்பால் என்ற சொல்லை நாடே அப்போது கேட்டது. வைகை அணைக்குப் பின் அண்டைப் பகுதிகளில் பாசனம் பெருகிப் பணம் புழங்கியதும் வரதட்சணைப் பழக்கமும் கூடவே பெருகியது என்றும், பெண் பிறந்தாலே கடன் என்ற அச்சம் அதனால் வந்தது என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். வளம் வந்தால் பெண்ணுக்கு வாழ்வு வரும் என்று எண்ணுவோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கிப் பின்னர் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. 1994-இல் கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. உசிலம்பட்டியைச் சுட்டிக்காட்டி விரல் நீட்டுவோர் தங்கள் ஊரின் ஸ்கேன் நிலையங்களையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்குத் தமிழகத்தில் 1961-இல் 985 பெண்கள் இருந்தனர். 1991-இல் அது 948 ஆயிற்று, 2001-இல் 942, 2011-இல் 943. சரிவு நின்றது, ஏற்றம் வரவில்லை. அகில இந்திய அளவிலோ 1991-இல் 945 ஆக இருந்தது 2011-இல் 920-க்கும் கீழே போய்விட்டது.

அதுமட்டுமன்று, தேர்வாளர் மாறினால் இடமும் மாறும். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பேறுகால மரணம், இளவயது மகப்பேறு, உயர்நிலைக் கல்வி, நாடாளுமன்ற இடங்கள், வேலை ஆகியவற்றை அது பார்க்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கு அதில் பாரதம் 108-ஆம் இடத்தில் இருந்தது. அதே ஆண்டு முதற்பட்டியலில் 146 நாடுகளில் 135-ஆம் இடம். இரண்டும் பொய்யல்ல. கடந்த 50 ஆண்டுகளில் எத்தனை ஆண்டு ஒரு பெண் நாட்டின் தலைமையில் இருந்தார் என்றும் முதற்பட்டியல் கேட்கிறது. இந்திரா காந்தி அம்மையார் 1966-இல் பிரதமரானார். அவருடைய தொடக்க ஆண்டுகள் இப்போது அந்த 50 ஆண்டுக் கணக்கிலிருந்து கழன்றுவிட்டன. நாம் ஒன்றும் செய்யாமலே மதிப்பெண் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்குரிமை வரலாற்றில் நமக்குப் பெருமை உண்டு. 1893-இல் நியூசிலாந்துதான் பெண்களுக்கு முதலில் வாக்களித்தது. சென்னை மாகாணம் 1921-இலேயே, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, ஆண்களுக்குரிய அதே தகுதிகளின்படி பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. சொத்துத் தகுதி இருந்ததால் வாக்களித்தோர் மிகச் சிலரே என்பதையும் மறைக்க வேண்டாம். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து அதன் துணைத் தலைவராகவும் ஆனார். கடிகாரத்திற்கும் வங்கிக்கும் பேர்போன சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்த ஆண்டு 1971!

அண்டை நாடான இலங்கை 1931-இலேயே 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. 1960-இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமரானார். அத்தகைய நாட்டின் 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்திற்கு 2020-இல் தேர்வான பெண்கள் 12 பேர் மட்டுமே. உச்சியில் ஒரு பெண் அமர்ந்தால் வழி தானாகத் திறந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

ஆப்பிரிக்காவின் ருவாண்டா வேறு வழியில் சென்றது. 1994-இன் கொடிய இனப்படுகொலைக்குப் பின் எழுந்த அந்நாடு, 2003-இல் தன் அரசியலமைப்பிலேயே பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2008-இல் பெண்களே பெரும்பான்மையாக அமைந்த உலகின் முதல் நாடாளுமன்ற அவை அங்கே கூடியது. நம் மக்களவையிலோ 2024-இல் வென்ற பெண்கள் 543 பேரில் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதிச் சீரமைப்பும் முடிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதப்பட்டது.

ஆனால் ஊராட்சிகளில் 1996-ஆம் ஆண்டுத் தேர்தல் முதலே நம் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெற்றனர். 2016-இல் தமிழகச் சட்டம் அதைப் பாதியாக உயர்த்தியது. கையெழுத்துக்குக் கணவர், நாற்காலிக்கு மனைவி என்று கேலி பேசுவோர் உண்டு. சில ஊர்களில் அது உண்மையும்கூட. எந்தப் பட்டியலிலும் ஏறாத தலைமையும் நம் மண்ணில் உண்டு. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை அம்மாள் பள்ளிக்கூடம் பாராதவர். வயலில் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் என்னும் சேமிப்புக் குழுக்களில் ஏழைப் பெண்களைத் திரட்டி, கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தங்களுக்குள்ளேயே கடன் பெறச் செய்தார். 2001-இல் தில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர்கள் குனிந்து அவர் பாதம் தொட்டதை நாடே கண்டது. 2019-இல் அவர் பத்மஸ்ரீயும் பெற்றார்.

இனி நாம் குறைவாக வாங்கிய வேலைப் பாடத்துக்கு வருவோம். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழகத்தில் இருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதலான செய்தி. ஆனால் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்போரும், வீட்டுத் திண்ணையில் சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவோரும், "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்கிறார்கள். சும்மா இருக்கும் கைகளா அவை?

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் 'சும்மா'வை அளந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுகின்றனர். அத்தகைய ஆண்களே சிலர்தாம் என்பது வேறு கதை. நாங்களும் எங்கள் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதினோம். அம்மாவின் பத்தி பக்கம் கடந்து ஓடியது. அண்ணன் தம்பியர் பத்தியில் "கடைக்குப் போனான்" என்பதற்குமேல் எழுத விஷயம் கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். எங்கள் பெயருக்கு நேரே வந்ததையும் கூட்டிப் பார்த்தோம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரம் எங்கே போனது என்பது அப்போது தெரிந்தது. பெற்றோர் இப்பக்கத்தைப் படித்தால் தங்கள் வீட்டிலும் ஒருநாள் இக்கணக்கை எழுதிப் பார்க்கலாம்.

ஐஸ்லாந்து முதலிடம் பிடித்த கதையும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. அந்நாட்டின் மக்கள்தொகை நான்கு லட்சத்தை எட்டவில்லை. நம் மதுரை மாநகரின் பாதிகூட இல்லை. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அலுவலகம் செல்லவில்லை, சமைக்கவில்லை, குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளவில்லை. தந்தையர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மறு ஆண்டே சம ஊதியச் சட்டம் வந்தது. 1980-இல் விக்டிஸ் என்னும் பெண்மணி குடியரசுத் தலைவரானார். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தைக்கென்றே மூன்று மாத மகப்பேறு விடுப்பு ஒதுக்கியது. பின்னர் அது தாய்க்கு ஆறு, தந்தைக்கு ஆறு என வளர்ந்தது. அவ்விடுப்பில் பெரும்பகுதியைத் தந்தை எடுக்காவிட்டால் அது வீணாகிவிடும். மனைவிக்கு மாற்றித்தர முடியாது. அத்தனைக்குப் பிறகும் அங்கே கூலி வேற்றுமை முற்றும் ஒழியவில்லை. 2023 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் மீண்டும் ஒருநாள் வேலையை நிறுத்தினர். அன்று பணிக்குச் செல்லாதவர்களில் அந்நாட்டுப் பிரதமராக இருந்த அம்மையாரும் ஒருவர்.