ஐம்பதை நெருங்கும் அன்னையர்க்கு ஹார்மோன் மருந்து தேவையா?

"உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை" என்று நடுவயதைத் தாண்டிய தாய் ஒருவர் சொன்னால், நம் குடும்பங்களில் அவருக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "வயதாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும்!" அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. இல்லையெனில், யாரோ சொன்ன ஹார்மோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறார். இவ்விரண்டுமே தவறு. அன்புச் சகோதரிகளே! இம்மருந்து எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றாக நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதளவில். தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். சினைப்பைகள் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அப்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் உடல் திடீரென அனலாய்க் கொதிக்கிறது, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, உறக்கம் கெடுகிறது, எலும்பின் உறுதி குறைகிறது. குறைந்துபோன அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதே ஹார்மோன் சிகிச்சை.

ஏற்றமும் இறக்கமும்

கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 'பிரிமரின்' என்ற மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. என்றும் இளமை தரும் மருந்து என்று 1960களில் அது போற்றப்பட்டது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உட்கொண்டால் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகரிக்கிறது என்று 1975இல் ஆய்வுகள் காட்டின. ஆகவே, கருப்பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாயினர்.

பின்னர் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பேராய்வு ஒன்று 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காரணம் என்ன? 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், மருந்து உண்ணாதவரில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இருவகை ஹார்மோனும் உண்டவரில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21 என்பது 29 ஆயிற்று. இடுப்பெலும்பு முறிவோ 15இலிருந்து 10 ஆகக் குறைந்தது. இச்செய்தி பரவியதும் உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர்.

ஆயினும், அவ்வாய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதைப் பிற்பாடு எல்லாரும் கவனித்தனர். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குவோர்க்கு, வேறு தடை இல்லையெனில், நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவர்களின் பொதுவான கருத்து.

எடை குறையுமா? மனம் தெளியுமா?

உடல் அனலுக்கும் இரவு வியர்வைக்கும் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. ஆனால் இது உடல் எடையைக் குறைக்கும் மருந்தன்று. எடையைக் கூட்டிவிடும் என்ற அச்சமும் சரியன்று. மாதவிடாய் நிற்பதால் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வது உண்மையே. மொத்த எடை கூடுவதற்கோ வயதும், தசை தளர்வதும், உழைப்புக் குறைவுமே முதற்காரணங்கள். உரலும் அம்மியும் இருந்த தஞ்சைத் தரணியின் வீடுகளில் இன்று மிக்ஸியும் கிரைண்டரும் இருக்கின்றன. உழைப்பு போய்விட்டது, சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை! சோற்றைக் குறைத்து, பருப்பு, மீன், முட்டை, காய்கறிகளைக் கூட்டுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் மொட்டை மாடியிலாவது நடந்து பழகுங்கள். நாற்காலியைக் கையால் பற்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டாதிருப்பது நன்று.

மனச்சோர்வின் நிலை வேறு. உறக்கம் கெட்டதால் வந்த எரிச்சலும் சோர்வும் ஹார்மோன் மருந்தால் தணியக்கூடும். ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு தனியொரு நோய். அதற்கு உரிய சிகிச்சை வேறு. கணவரும் மக்களும் சபுரில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் தாய்மார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! தனிமை தரும் துயரத்தை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போக்கிவிடுமா? மனநல ஆலோசனைக்கென 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: எடை கூடுவதும் மனம் சோர்வதும் தைராய்டுக் குறைபாட்டின் அடையாளங்களும் ஆகும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

யார் உட்கொள்ளலாகாது?

மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றுள் ஒன்று வந்தவர்கள் பொதுவாக இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். மாறாக, 45 வயதுக்கு முன்பே அறுவை சிகிச்சையில் சினைப்பைகள் இரண்டும் நீக்கப்பட்டவர்கள், தடை ஏதுமில்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையேனும் ஹார்மோன் எடுத்துக்கொள்வது நல்லது. எலும்பையும் இதயத்தையும் அது காக்கும்.

குதிரையின் சிறுநீரிலிருந்து வந்த மருந்து என்று தயங்குவோர் சிகிச்சையையே விட்டுவிட வேண்டியதில்லை. தாவரப் பொருளிலிருந்து உருவாக்கப்படும் ஈஸ்ட்ரடையால் மாத்திரையாகவும், தோலில் தடவும் களிம்பாகவும் உண்டு. மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

மறைக்கக்கூடாத ஒன்று

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் உதிரம் கண்டால், தொழலாமா, நோன்பு நோற்கலாமா என்று ஆலிம்களிடம் கேட்டனுப்புகிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள்! ஒரு துளியாயினும் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். வெட்கப்பட்டு மறைத்தால் காலம் கடந்துவிடும். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனை பெண்களின் மருத்துவத்துக்கென்றே பெயர்பெற்றது. பெண் மருத்துவரிடமே காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறேதுமில்லை.

இதை வாசிக்கும் ஆண்மக்களுக்கும் ஒரு சொல். உங்கள் தாயோ துணைவியோ மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னால், "வயதாகிவிட்டது" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். எந்த நோய் எப்போது வந்தது, என்னென்ன மாத்திரை உண்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உடன் சென்று வாருங்கள். நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் அனுமதித்த காரியம். குடும்பத்துக்காகவே ஓடாய்த் தேய்ந்த அந்த உடலுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.